ஈர்ப்பைவிட நாற்பது மடங்கு

துப்பாக்கிக் குழலை விட்டு வெளியேறிய குண்டைப் பூமி கீழே இழுக்கிறது. காற்று அதை மறிக்கிறது. இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இதில் எது பெரிய விசை என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். 9.3 கிராம் எடையுள்ள வேட்டைக் குண்டு ஒன்று நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 90 மீட்டரைத் தாண்டுவதற்குள் அதன் வேகம் 780 மீட்டருக்கு இறங்கிவிடும். இந்த இறக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டால், காற்றின் தடை அந்தக் குண்டின் எடையைப்போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு வருகிறது. அதாவது பூமி ஒரு பங்கு இழுத்தால் காற்று நாற்பது பங்கு மறிக்கிறது.

தொலைதூர வேட்டைக்கு எந்தத் தோட்டா உகந்தது என்ற வாக்குவாதம் அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. அதில் பாதிக்கு மேல் இந்த நாற்பது பங்கைப் பற்றியதுதான். நம் நாட்டில் வேட்டைக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே நமக்கு இது வெறும் இயற்பியல். கொலராடோவிலும் வயோமிங்கிலும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அரசு உரிமம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கோ, கையில் காசை வைத்துக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவு.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ராக்கி மலைச் சரிவு. 500 கெஜம், அதாவது 457 மீட்டர் தள்ளி ஓர் எல்க். நம் கடமானுக்குச் சொந்தம் என்றாலும், வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். வேட்டைக்காரர் முன் இரண்டு தோட்டாக்கள் இருக்கின்றன. ஒன்று 2007இல் வந்த 6.5 கிரீட்மோர். மற்றொன்று 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம். இரண்டுக்கும் உடற்கூறு ஒன்றே: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. முதலாவதில் சுமார் 2.7 கிராம் மருந்து 9.3 கிராம் குண்டைத் தள்ளுகிறது. இரண்டாவதில் ஏறத்தாழ 4.8 கிராம் மருந்து 13 கிராம் குண்டைத் தள்ளுகிறது. பெரியது வாங்கினால் போயிற்று என்றுதான் முதலில் தோன்றும்.

முதலில் பூமியின் கணக்கைத் தீர்த்துவிடலாம், அது எளிது. கிரீட்மோர் குண்டு 457 மீட்டரைக் கடக்க 0.64 நொடி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் கீழே விழுந்துவிடும். கேட்க பயமாக இருந்தாலும், இந்த 2 மீட்டர் ஒவ்வொரு முறையும் அதே 2 மீட்டர்தான். தூரம் தெரிந்தால் தொலைநோக்கியின் திருகை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். தூரம் தெரியாவிட்டால்தான் ஆபத்து. இந்த இடத்தில் 20 மீட்டர் தப்பாக மதிப்பிட்டால் குண்டு 11 செ.மீ. மேலேயோ கீழேயோ போகும்.

வேட்டைத் தோட்டாக்களின் பழைய வரலாறு முழுக்க இந்தத் தப்பு மதிப்பீட்டுக்குப் பரிகாரம் தேடிய வரலாறு. குண்டு வேகமாகப் போனால் பாதை தட்டையாகும், தூரத்தைக் கொஞ்சம் பிசகாக ஊகித்தாலும் தப்பித்துக்கொள்ளலாம். 1925இல் வந்த .270 வின்செஸ்டர் தோட்டாவை ஜாக் ஓ'கானர் என்ற வேட்டை எழுத்தாளர் ஆயுள் முழுக்க எழுதியே புகழ்பெறச் செய்தார். அதன் பெருமையே இந்தத் தட்டைப் பாதைதான். 1940களில் கலிபோர்னியாவின் ராய் வெதர்பி இன்னும் பெரிய கூடு, இன்னும் அதிக மருந்து, இன்னும் அதிக வேகம் என்று அதையே ஒரு கொள்கையாக்கினார். பிறகு 1990களின் நடுவில் கைக்கடக்கமான லேசர் தூரமானி கடைகளுக்கு வந்தது. பொத்தானை அமுக்கினால் தூரம் மீட்டர் சுத்தமாகத் தெரிந்தது. தட்டைப் பாதைக்காகக் கொடுத்துவந்த விலை அநேகமாகத் தேவையற்றதாயிற்று. அதற்குமுன் தூரப் பிழையின் நிழலில் மறைந்திருந்த காற்று அப்போதுதான் முன்னால் வந்து நின்றது.

காற்றோடு போராட முதல் ஆயுதம் வடிவம். 19ஆம் நூற்றாண்டின் ராணுவக் குண்டுகளுக்கு முனை மழுங்கியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1898இல் கூர்முனையும் படகின் பின்புறம்போல் குறுகும் வாலும் கொண்ட குண்டைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மானியர்கள் அடுத்த சில ஆண்டுகளில் தங்கள் கூர்முனைக் குண்டோடு வந்தார்கள். அமெரிக்க ராணுவம் 1903இல் ஏற்ற தோட்டாவை மூன்றே ஆண்டில் மாற்றிக் கூர்முனைக் குண்டோடு வெளியிட்டது. இன்றைக்கும் விற்கிற .30-06இல் உள்ள 06 அந்த ஆண்டைக் குறிப்பதுதான்.

இரண்டாவது ஆயுதம் எடை, அதிலும் முகத்துக்குப் பின்னால் நிற்கிற எடை. குண்டின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் எத்தனை கிராம் என்று கேட்க வேண்டும். நம் இரண்டு தோட்டாக்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கிரீட்மோரின் 6.7 மி.மீ. விட்டக் குண்டுக்கு 0.26 கிராம். மேக்னத்தின் 7.8 மி.மீ. விட்டக் குண்டுக்கு 0.27 கிராம். பெரியவர் பெரியவர்தான், ஆனால் காற்றின் கண்ணுக்கு இருவரும் ஏறத்தாழ ஒரே ஆள். எடை கூடியபோது முகமும் சேர்ந்து அகன்றுவிட்டதால் காற்றைத் துளைப்பதில் லாபம் எதுவும் மிஞ்சவில்லை. வடிவத்தையும் எடையையும் சேர்த்துக் குண்டின் காற்றுத் தாக்குப்பிடிப்பை ஒரே எண்ணில் சொல்லும் வழக்கம் உண்டு. அதற்குப் பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட் என்று பெயர். இந்த இரண்டு குண்டுகளில் அந்த எண் சிறியதற்கே ஒரு முடி கூடுதல்.

காற்றைக் கிழித்துப் போகும் முனையில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் வரும் குண்டின் நுனியில் மோதும் காற்று அங்கேயே நசுங்கி நிற்கிறது. நின்ற காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸுக்கு ஏறுகிறது. காரீயம் உருக 327 டிகிரி போதும். குண்டின் உள்ளே இருக்கும் காரீயம் உருகாததற்கு அதன் மேலுள்ள செம்புறையும் பயணம் ஒரு நொடிகூட நீடிக்காததும் காரணம். நுனிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேட்டைக் குண்டுகளின் நுனியில் கூர்மைக்காகச் சின்ன பிளாஸ்டிக் முனை பொருத்துவார்கள். அமெரிக்காவின் ஹார்னடி நிறுவனம் டாப்ளர் ராடாரை வைத்துக் குண்டுகளைப் பறக்கும்போதே பின்தொடர்ந்தபோது, போகப்போகத் தடை கணக்கில் வராத வகையில் கூடுவது தெரிந்தது. பிளாஸ்டிக் முனை வழியிலேயே இளகி மழுங்குகிறது என்பது அவர்கள் கண்ட விளக்கம். 2015இல் வெப்பம் தாங்கும் வேறு பிளாஸ்டிக்கோடு புதிய குண்டை வெளியிட்டார்கள். அரை நொடிப் பயணத்தில் உருகும் ஒரு முனைக்காக ஒரு தொழிற்சாலையே அச்சை மாற்றியிருக்கிறது.

இதுவரை சொன்னது எதிர்க்காற்று. வேட்டைக்காரரைத் தூங்கவிடாதது குறுக்குக் காற்று. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் வீசுகிறது என்று கொள்வோம், மரக்கிளைகள் லேசாக ஆடும் அளவு. நொடிக்கு 4.5 மீட்டர். குண்டு 0.64 நொடி பறக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 2.9 மீட்டர். குண்டு அவ்வளவு தூரம் பக்கத்தில் ஒதுங்குமா? ஒதுங்காது. உண்மையான ஒதுக்கம் 37 செ.மீ.தான்.

இந்த 37 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அழகு. காற்றுத் தடையே இல்லாவிட்டால் அதே குண்டு அதே தூரத்தை 0.555 நொடியில் கடந்திருக்கும். தடையால் தாமதமான நேரம் 0.083 நொடி. அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் 37 செ.மீ. வந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பீரங்கி அறிஞர் இசிடோர் திதியோன் வகுத்த விதி இது. காரணமும் எளிது. சுழலும் குண்டு தன்மேல் வந்து மோதும் காற்றின் திசைக்கு மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. பக்கக் காற்று இருந்தால் மூக்கு அந்தப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். காற்றுத் தடை மூக்கிலிருந்து வால் நோக்கிச் செயல்படுவதால், அதில் ஒரு சின்னப் பங்கு குண்டைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. தடை இல்லாத இடத்தில் ஒதுக்கமும் இல்லை. வேகத்தைத் தின்கிற அதே விசைதான் பக்கத்திலும் தள்ளுகிறது, தனியாக இன்னொரு விசை கிடையாது.

இந்த விதியை நம்ப மறுப்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம் போதும். முயல், அணில் சுடும் .22 தோட்டாவில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பும், மற்றதில் ஒலிக்குச் சற்றுக் கீழே. நூறு கெஜத்தில் வேகமான குண்டு முன்னதாகவே போய்ச் சேர்கிறது. ஆனாலும் குறுக்குக் காற்றில் அதிகம் ஒதுங்குவது அதுதான்! ஒலியின் வேகத்தைச் சுற்றி காற்றுத் தடை திடீரென்று எகிறுவதால் வேகமான குண்டு அதிகமாக இழக்கிறது, அதிகமாகத் தாமதிக்கிறது. சீக்கிரம் போவது வேறு, இழக்காமல் போவது வேறு.

இப்போது எல்க் நிற்கும் சரிவுக்குத் திரும்பி மேக்னத்துக்கும் அதே கணக்கைப் போடலாம். ஒதுக்கம் 35 செ.மீ. வருகிறது. கிரீட்மோருக்கு 37. முக்கால் பங்கு மருந்தைக் கூடுதலாக எரித்துக் கிடைத்த லாபம் 2 செ.மீ.

ஒல்லியான நீளக் குண்டு இவ்வளவு நல்லதென்றால் .270ஐயே அப்படி நீட்டியிருக்கலாமே? தடுத்தது குழலின் உள்ளே இருக்கும் புரி. நீளமான குண்டு பறக்கும்போது குப்புற விழப் பார்க்கும், பம்பரம்போல் வேகமாகச் சுழன்றால்தான் நிமிர்ந்திருக்கும். 1879இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்பிரட் ஜார்ஜ் கிரீன்ஹில் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். குண்டு நீள நீள, குழலில் புரி நெருக்கமாக வேண்டும். .270 துப்பாக்கிகளில் வழக்கமாக 254 மி.மீ.க்கு ஒரு சுற்று. அது 8.4 கிராம் குண்டுக்குப் போதும், நீளக் குண்டுக்குப் போதாது. கிரீட்மோரில் 203 மி.மீ.க்கு ஒரு சுற்று. நொடிக்கு 823 மீட்டரில் கிளம்பினால் நொடிக்கு 4,050 சுற்று, நிமிடக் கணக்கில் 2,43,000. விற்று முடிந்த லட்சக்கணக்கான .270 துப்பாக்கிகளின் குழலை யாரும் மாற்ற முடியாது. அதனால் ஓ'கானரின் செல்லப் பிள்ளை தன் காலத்துப் புரியிலேயே சிக்கிக்கொண்டது. 2021இல் நெருக்கமான புரியோடு 6.8 வெஸ்டர்ன் என்று அதே விட்டத்துக்குப் புதுப்பெயரில் ஒரு தோட்டாவைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

சொல்லப்போனால் கிரீட்மோர் கண்டுபிடித்ததும் புதிதல்ல. 1890களில் சுவீடனும் நார்வேயும் சேர்ந்து வடிவமைத்த 6.5×55 ராணுவத் தோட்டாவுக்கு 200 மி.மீ.க்கு ஒரு சுற்று. அதே விட்டம், கிட்டத்தட்ட அதே புரி, நூற்றுப் பத்து ஆண்டு முன்னதாக. கிரீட்மோரின் கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருக்கிறது. 1997இல் ரெமிங்டன் வெளியிட்ட .260 தோட்டாவும் இதே விட்டக் குண்டைத்தான் எறிந்தது, ஆனால் கூட்டின் நீளம் 51.7 மி.மீ. குட்டையான மேகசினுக்குள் அடங்க வேண்டுமானால் நீளக் குண்டின் வால் கூட்டுக்குள் புதைந்து மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிரீட்மோரை வரைந்தவர்கள் கூட்டை 48.8 மி.மீ. ஆகக் குறைத்தார்கள். சுமார் 3 மி.மீ. மட்டும்தான். அந்த மூன்று மில்லிமீட்டரில் நீளக் குண்டுக்கு வெளியே உட்கார இடம் கிடைத்தது, சந்தையும் கிடைத்தது.

தோட்டாவுக்குப் பெயர் கொடுத்த கிரீட்மோர், நியூயார்க் அருகே 1873இல் திறந்த துப்பாக்கி சுடு களம். மறு ஆண்டு அங்கே அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1,000 கெஜத் தூரங்களில் மோதின. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் குறியின் நட்ட நடுவில் அடித்த ஒரு சூடு, பக்கத்திலிருந்த வேறொரு குறியில் போய் விழுந்திருந்தது. அதற்குரிய நான்கு புள்ளி எண்ணப்பட்டிருந்தால் கோப்பை அயர்லாந்துக்குப் போயிருக்கும்.

மேக்னத்தை இத்தோடு ஓரங்கட்டிவிடலாமா என்றால் முடியாது. காகிதக் குறியில் துளை விழுந்தால் போதும், எல்க்கில் அது போதாது. கிரீட்மோர் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது 3,140 ஜூல் ஆற்றல் வைத்திருக்கிறது. 457 மீட்டரில் மிஞ்சுவது ஏறத்தாழ 1,770. மீதியைக் காற்று வாங்கிக்கொண்டது. மேக்னம் குண்டு அதே இடத்துக்கு ஏறத்தாழ 2,700 ஜூலோடு வருகிறது. எல்க்குக்கு 2,000 ஜூல் வேண்டும் என்று அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் வாய்வழியாக வரும் ஒரு விதி உண்டு. அதன்படி கிரீட்மோரின் எல்லை ஏறத்தாழ 350 மீட்டர். மேக்னம் 600 மீட்டரிலும் அந்த வரம்புக்கு மேலேயே நிற்கும்.

ஆனால் இந்த 2,000 எந்தச் சோதனைக்கூடத்திலும் பிறந்த எண் அல்ல. விலங்கு சாவது ஜூலால் அல்ல, நுரையீரலோ இதயமோ கிழிந்து ரத்தம் வடிவதால். அதற்குக் குண்டு உள்ளே போனதும் முனை விரிய வேண்டும், விரிந்தபின்னும் சிதறாமல் ஆழம் போக வேண்டும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் நன்றாக விரிய நொடிக்கு 550 மீட்டர் வேகமாவது தேவை. 457 மீட்டரில் கிரீட்மோர் குண்டு நொடிக்கு 620 மீட்டரில் இருக்கிறது. தேறுகிறது, ஆனால் கையிருப்பு குறைவு. தோள் எலும்பில் பட்டால் அந்தக் கையிருப்பும் போய்விடும். சுவீடனின் வேட்டைச் சட்டத்தில் இந்த நிதானம் தெரிகிறது. அங்கே மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்கு 9 முதல் 10 கிராம் வரையிலான குண்டு 100 மீட்டரில் 2,700 ஜூல் வைத்திருக்க வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2,000 ஜூல் போதும். கனத்த குண்டுக்குக் குறைந்த ஆற்றலே போதும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. பழைய 6.5×55இன் 10.1 கிராம் குண்டு அந்த வழியாக நுழைந்து, அரை டன் மூஸ்களை நூறாண்டுக்கு மேல் வீழ்த்திவருகிறது.

மேக்னத்தின் விலை தோளில் தெரியும். 3.6 கிலோ துப்பாக்கியில் கிரீட்மோர் ஏறத்தாழ 18 ஜூல் உதைக்கிறது, மேக்னம் 45. இரண்டரை மடங்கு. உதையை எதிர்பார்த்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் பலருக்கு வந்துவிடும். அதைத் திருத்தும் தோட்டாவை இன்னும் யாரும் செய்யவில்லை. 2022இல் வந்த 7 மி.மீ. பிஆர்சி போன்றவை இரண்டுக்கும் நடுவே சமரசம் பேசுகின்றன. ஓரளவு கனம், நீளக் குண்டு, நெருக்கமான புரி. எல்க்குக்கு மட்டும் என்று கேட்டால் நான் அந்த நடுப்பாதையைத்தான் காட்டுவேன். வயோமிங் சமவெளியில் 50 கிலோ எடையுள்ள, மான் போன்ற பிராங்ஹார்னுக்கு கிரீட்மோரே தாராளம்.

காரீயமில்லாத, அதாவது பெரும்பாலும் செம்பாலான, குண்டைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் கணக்கு மறுபடி மாறும். காரீயத்தைத் தின்று கழுகுகள் செத்ததால் கலிபோர்னியா 2019 முதல் வேட்டைக்குக் காரீயக் குண்டையே தடை செய்துவிட்டது. செம்பு காரீயத்தைவிட லேசு, அதே எடைக்குக் குண்டு நீளும், நீண்டால் இன்னும் நெருக்கமான புரி வேண்டும். மலை உயரமும் சேர்ந்துகொள்ளும். 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. கடலோர ஊரில் பார்த்துச் சரிசெய்த குறி அங்கே மேலே தள்ளும்.

எந்தத் தோட்டாவும் தொடாத ஒன்று எல்க்கின் கால். 0.64 நொடியில் நிதானமாக நடக்கும் எல்க் 90 செ.மீ. நகர்ந்துவிடும். நுரையீரலில் பட வேண்டியது வயிற்றில் படும். மேக்னம் குண்டு கிரீட்மோரைவிட ஏறத்தாழ 0.035 நொடி முந்திச் சேரும், அதற்குள் எல்க் நடப்பது 5 செ.மீ. தூரத்தைப் பாதியாக்கினாலோ கதை வேறு. 230 மீட்டரில் அதே குறுக்குக் காற்று கிரீட்மோர் குண்டை 37 செ.மீ.க்குப் பதில் 9 செ.மீ.தான் ஒதுக்குகிறது. பறக்கும் நேரம் 0.3 நொடிக்குக் கீழே வந்துவிடுகிறது. இப்படிக் குறைவதை எந்த மருந்தளவாலும் வாங்க முடியாது, நடந்துதான் வாங்க வேண்டும். நடக்கும்போதும் காற்றை விட்டுவிட முடியாது. எல்க்கின் மோப்பம் கூர்மையானது, மனித வாடை முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டால் சரிவில் சுட எதுவும் மிஞ்சாது. எதிர்க்காற்றில்தான் ஏற வேண்டும். நேராகப் போனால் அரை மணி ஆகும் சரிவு, காற்றுக்காகச் சுற்றிப் போனால் ஒன்றரை மணி ஆகும்.